பரணில் இருந்த இருபத்தாறு பாய்கள்

உங்கள் மேசையின் வலது இழுப்பறையில், மஞ்சள் அட்டைக்குள் ஒரு படிவக் கட்டு இருக்கும். நம் கல்லூரி விடுதியில் இடம் கிடைக்காத மாணவன் வெளியே வாடகைக்கு அறை எடுக்கும்போது, அவன் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன் நாம் அந்த வீட்டுக்குப் போய்க் கேட்டு நிரப்ப வேண்டிய படிவம் அது. அச்சடித்த கேள்விகள் பதினான்கு. அடியில் என் கையெழுத்தில் இன்னும் இரண்டு இருக்கும். அவை எப்படி வந்தன என்று, இந்தப் பொறுப்புக்குப் புதிதாக வந்திருக்கும் நீங்கள் இருவரும் கேட்டீர்கள். வாயால் சொன்னால் ஏதாவது விட்டுப்போகும். நாட்குறிப்புகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதுகிறேன். ஐம்பத்தைந்து வயதில் ஓய்வு கொடுத்துவிட்டார்கள், நேரத்துக்குக் குறைவில்லை.

பதினான்கு கேள்விகளும் நல்ல கேள்விகள். எனக்கு முன் இந்த வேலையில் இருந்தவர் எழுதியவை. அவற்றைக் கேட்கும் விதத்தைத்தான் நானாகக் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. கிணற்றில் தண்ணீர் இருக்கிறதா என்று கேட்டால் எந்த வீட்டுக்காரரும் இருக்கிறது என்றுதான் சொல்வார். கயிறு சித்திரையில் எத்தனை முழம், ஐப்பசியில் எத்தனை முழம் என்று கேளுங்கள். வாசற்கதவை எத்தனை மணிக்குப் பூட்டுவீர்கள் என்பதோடு நிற்காதீர்கள். ஒருநாள் பையன் தாமதமாக வந்தால் எழுந்துவந்து திறப்பவர் யார் என்று கேளுங்கள். அந்த ஆளின் முகத்தையும் ஒருமுறை பார்த்துவிட்டு வாருங்கள். இதற்கு முன் குடியிருந்தவர் ஏன் போனார் என்பதை வீட்டுக்காரரிடம் ஒருமுறை, தெருக்கோடிச் சலவைக்காரரிடம் ஒருமுறை கேளுங்கள். இரண்டு பதிலும் ஒன்றாக இருந்தால் வீடு நல்ல வீடு.

இவ்வளவும் தெரிந்த பிறகுதான் நான் தவறு செய்தேன். அதனால்தான் அதைச் சொல்கிறேன்.

நாற்பத்து நான்காம் ஆண்டு ஜூலை மாதம். குண்டுக்குப் பயந்து ஊரைக் காலி செய்துகொண்டு போனவர்கள் எல்லாரும் திரும்பி வந்துவிட்டார்கள். அவர்களோடு யுத்த காலத்து அலுவலகங்களில் வேலைக்கு வந்தவர்களும் சேர்ந்துகொண்டார்கள். காலையில் மாட்டிய ‘டு லெட்’ பலகை மாலை வரை தொங்காது. அப்படிப்பட்ட நேரத்தில் மயிலாப்பூர் மாட வீதியில், தபால் இலாகாவிலிருந்து ஓய்வு பெற்ற சாம்பசிவ ஐயர் என்பவர் தம் வீட்டு மாடி அறையை மாணவர்களுக்குத் தரச் சம்மதித்தார். அறைக்கு இரண்டு பேர். ஒருவன் சுந்தரம், விழுப்புரத்துப் பையன், பி.ஏ. கடைசி ஆண்டுத் தேர்வில் கணிதத்தில் தவறிவிட்டு மறுபடி எழுதப் போகிறவன். இன்னொருவன் வேதாசலம், இரண்டாம் ஆண்டு, எதற்கும் கவலைப்படாதவன்.

நான் சுந்தரத்தையும் கூட்டிக்கொண்டு முற்பகல் பத்து மணிக்கு அந்த மாடிக்குப் போனேன். ஐயர் கேள்விகளுக்குப் பதில் சொல்வதில் என்னைவிடத் துல்லியமானவர்.

“கயிறு ஆடியில பதினாறு முழம், சித்திரையில இருபத்திரண்டு. போறுமா? இல்ல, ஜலத்தை எடை போட்டுக் காட்டணுமா?”

“போதும் ஐயர்வாள். எட்டாவது கேள்வி, வெளிச்சம்.”

“தெருவைப் பாத்து மூணு ஜன்னல். பால்கனிக்கு ஒரு கதவு. சூரியனே நம்மாத்துலதான் ஒத்தைக்குடித்தனம்.”

‘வீதியைப் பார்த்த மூன்று ஜன்னல்கள், காற்றும் வெளிச்சமும் மிக நன்று’ என்று எழுதினேன். அந்தச் சமயத்தில் என் பின்னால் நின்றிருந்த சுந்தரம் மெதுவாகக் கேட்டான்.

“சார், பரண் மேல எதுக்கு இவ்ளோ பாய் சுருட்டி வெச்சிருக்காங்க?”

நான் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. “வீட்டுக்காரங்க சாமான் நமக்கெதுக்குப்பா?” என்று சொல்லிவிட்டு, ஐயரிடம் ஒன்பதாவது கேள்வியைக் கேட்டேன். கழிப்பிடம் எங்கே, எத்தனை பேருக்குப் பொது என்பது. பதில் சொல்ல வாயைத் திறந்த ஐயர், பாயை விட்டுவிட்டுக் கழிப்பிடத்துக்குப் பதில் சொன்னார்.

பதினோரு மாத ஒப்பந்தம். ஜூலையில் தொடங்கி மே முடிய. தேர்வு மார்ச்சில், ஆகவே பாதகமில்லை என்று கணக்குப் பார்த்து ஒப்புதல் தந்தேன். மறுநாள் பையன்கள் குடிவந்தார்கள். எட்டு மாதம் ஒரு புகாரும் இல்லை.

மார்ச் மாதம் ஒரு வெள்ளிக்கிழமை மாலை நாலு பத்துக்குச் சுந்தரம் என் அலுவலகத்துக்கு வந்து நின்றான்.

“சார், மாடியப் பத்து நாளைக்குக் காலி பண்ணணுமாம்.”

“யார் சொன்னது?”

“ஐயர் வீட்டு மாமி. கோவமா ஒண்ணும் சொல்லல சார். பெட்டிய மாடிப்படிக்குக் கீழ வெச்சுக்கோ, கூடத்துல எல்லாரோடயும் படுத்துக்கோ, சாப்பாடும் ஆத்துலயே ஆயிடும்னு சொன்னாங்க.”

“எல்லாரோடயும்னா எத்தனை பேர்?”

“இருபத்தாறு சார். பாய எண்ணிட்டேன்.”

திங்கட்கிழமை கோயிலில் பங்குனி உற்சவத்துக்குக் கொடியேற்றம். அன்றிலிருந்து பத்து நாள் காலையும் மாலையும் சுவாமி மாட வீதியைச் சுற்றி வருவார். வீதியைப் பார்த்த வீடுகளுக்கு அந்தப் பத்து நாளும் எங்கெங்கிருந்தோ உறவினர் வருவார்கள். பால்கனியில் நின்று பார்ப்பார்கள். அப்படியே சில நாள் தங்கிப் போவார்கள். எட்டாம் நாள், நாயன்மார்கள் ஊர்வலம் வரும் அறுபத்துமூவர் அன்று வீதியில் கீழே கால் வைக்க இடமிருக்காது. சுந்தரத்துக்கு முதல் தேர்வு அறுபத்துமூவருக்கு மறுநாள். கடைசித் தேர்வு அந்த வாரம் சனிக்கிழமை. போன ஆண்டு அவன் தவறியது அந்தக் கடைசித் தாளில்தான்.

இந்தத் தடவையும் தவறினால் என்ன ஆகும் என்பதில் அவனுக்குச் சந்தேகமே இல்லை. படிக்க வைக்கும் மாமாவுக்கு விழுப்புரத்தில் மளிகைக் கடை. அவர் எழுதியிருந்த கடிதத்தை எடுத்துக் காட்டினான். இரண்டே வரி. ‘நன்றாகப் படி. இல்லாவிட்டால் கவலை வேண்டாம், தராசு இங்கே தயாராக இருக்கிறது.’ கவலை வேண்டாம் என்ற இடத்தில்தான் பையனுக்குப் பயம்.

ஒப்பந்த நகலை எடுத்துக்கொண்டு அன்றே ஐயர் வீட்டுக்குப் போனேன்.

“ஐயர்வாள், மே வரைக்கும் மாடி இந்தப் பசங்க கையில. உங்க கையெழுத்து இருக்கு.”

“இருக்கு. யார் இல்லேன்னா? பங்குனியில மாடி நம்மாத்து மனுஷாளுக்குன்னு ஊருக்கே தெரியும். இதைப் போய்ப் பத்திரத்துல எழுதுவாளா? கார்த்திகையில வெளக்கேத்துவோம்னு எழுதினோமா என்ன?”

“என்கிட்டயாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.”

“நீர் பதினாலு கேள்வி கேட்டீர். பதினாலுக்கும் பதில் சொன்னேன். அந்தப் பிள்ளையாண்டான் பாயைப் பத்திக் கேட்டான். சொல்ல வாயெடுத்தேன். நீர்தானே நேரா கக்கூஸுக்குத் தாவினீர்!”

உள்ளே மாமி சிரிப்பது கேட்டது. பிறகு அவரே வாசல் வரை வந்தார்.

“கும்மோணத்துலேர்ந்து வரவாளுக்கு இந்த நாள்ல ரயில்ல எடம் கெடச்சதே பெரும்பாடு. இப்பப் போய் வராதேள்னு தந்தி குடுக்க முடியுமா? நீங்க என்ன, அசலூரா? வருஷா வருஷம் எதிர்ப்பக்கம் வெளக்குக் கம்பத்தடியில நின்னுண்டு சாமி பாக்கறேளே. எங்க மாடியில எத்தனை பேர்னு ஒரு நாளும் கண்ணுல படலையா?”

வீட்டுக்கு வந்து முந்தைய ஆண்டு நாட்குறிப்பில் அறுபத்துமூவர் நாளைத் தேடினேன். என் கையெழுத்தில் தெளிவாக இருந்தது: ‘பிற்பகல் 3.40. வழக்கமான கம்பத்தடி. எதிர்வீட்டு மாடியில் நாற்பது பேருக்குக் குறையாது. பால்கனி தாங்குமா?’ அதை எழுதியவன், நான்கு மாதம் கழித்து அதே மாடியில் நின்றுகொண்டு ‘காற்றும் வெளிச்சமும் மிக நன்று’ என்று எழுதியிருக்கிறான். ஒன்று விழா, மற்றது அலுவல். இரண்டும் ஒரே வீடு என்பது எனக்குத் தோன்றவில்லை.

இனி நீங்கள் கவனிக்க வேண்டிய இடம். ஒப்பந்தத் தாள் என் கையில் இருந்தது. அதைக் காட்டி விடாப்பிடியாக நின்றிருந்தால் ஐயர் அறையைத் திருப்பிக் கொடுத்திருப்பார். கையெழுத்துக்குக் கட்டுப்பட்ட மனிதர். வந்த இருபத்தாறு பேரும் கீழே நெருக்கியடித்துக்கொண்டு, மாடியை அண்ணாந்து பார்த்துப் பெருமூச்சு விட்டிருப்பார்கள். தாள் மாடியை மீட்டுத் தரும். வீதியில் வாசிக்கும் மேளத்தை நிறுத்தாது. பையனுக்கு வேண்டியது மாடியா, படிக்க இடமா? இந்தக் கேள்வியை அன்றிரவு படுக்கப் போகும்போதுதான் சரியாகக் கேட்டுக்கொண்டேன். சனிக்கிழமை காலை தாளை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டு இடம் தேடக் கிளம்பினேன்.

கல்லூரி விடுதியில் இரண்டு பகுதிகளில் அம்மை போட்டிருந்தது. உள்ளே யாரையும் விடவில்லை. திருவல்லிக்கேணியில் தனி ஆட்கள் தங்கும் கட்டடம் ஒன்றில் கேட்டேன். “ஒரு கட்டில்ல ரெண்டு ஷிஃப்ட் ஓடுது சார். பகல்ல தூங்கறவன் எந்திரிச்சாத்தான் ராத்திரிக்காரன் படுக்கலாம். உங்க பையன் நின்னுகினே படிப்பானா?” என்றார் மேலாளர். தியாகராய நகரில் எனக்குத் தெரிந்த ஒருவர் வீட்டில் கல்யாணம். அடையாற்றில் ஒரு தோட்ட வீட்டில் அறை இருந்தது. தேர்வு மண்டபத்துக்கு வர பஸ்ஸை நம்ப முடியாது. வேதாசலத்தின் பிரச்சினை மட்டும் தீர்ந்திருந்தது. “நான் மாமியோட இருந்து பானகம் கரைக்கிறேன் சார். நல்ல கூட்டம்” என்றான்.

மாலையில் அலுவலகத்துக்குத் திரும்பி, நான் தகுதியில்லை என்று தள்ளிய வீடுகளின் கோப்பைப் பிரித்தேன். தள்ளப்பட்டவற்றில் ஏதாவது காலியாக இருக்கக்கூடும் என்பது தவிர வேறு யோசனை இல்லை. நாலாவது தாள் சாந்தோமில் ஒரு வீடு. திரேசம்மாள் என்ற பள்ளி ஆசிரியையும், அவரைப் போலவே ஆசிரியரான அவர் அண்ணனும் குடியிருப்பது. மாடியில் கடலைப் பார்த்த ஒரு தனி அறை. மற்ற எல்லாக் கேள்விகளுக்கும் ‘நன்று’ என்று எழுதிவிட்டு, கடைசியில் இப்படி முடித்திருந்தேன்: ‘மாதா கோயில் மணி நாள்தோறும் மூன்று வேளை அடிக்கிறது. படிப்புக்கு இடையூறு. தகுதியில்லை.’ மாட வீதி வீட்டுக்கு ஒப்புதல் தந்த அதே வாரத்தில் எழுதியது.

அன்று அந்த வீட்டில் மணி அடித்தபோது நான் திடுக்கிட்டது நினைவுக்கு வந்தது. பழக்கமில்லாத காது. மேளம் எனக்குப் பிறந்த நாளிலிருந்து பழக்கம். அதை ஓசை என்றே நான் எண்ணியதில்லை.

ஞாயிற்றுக்கிழமை அவர்கள் பூசை முடிந்து திரும்பும் நேரம் பார்த்துப் போனேன். திரேசம்மாளுக்கு நாற்பது வயதிருக்கும். என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துகொண்டார். வீட்டைத் தள்ளிய காரணத்தை அப்போதே அவரிடம் சொல்லியிருந்தேன்.

“வாங்க சார். மணி அங்கயேதான் இருக்கு. இன்னும் எறக்கல.”

நான் உட்கார்ந்து விஷயத்தைச் சொன்னேன். இரண்டு வாரம், ஒரு பையன், தேர்வு.

“அப்போ மட்டும் எடைஞ்சலா இருந்தது, இப்போ இல்லையா?”

“மூணு வேளை. ஒரு வேளைக்கு ரெண்டு நிமிஷம். ஆக, நாளைக்கு ஆறு நிமிஷம். நேத்துதான் கணக்குப் போட்டேன்.”

“மாட வீதியில எவ்ளோ நேரம்?”

“விடியற்காலையிலருந்து ராத்திரி வரைக்கும்.”

“கணக்கு வாத்தியார் நான் சொல்றேன், எட்டு மாசம் லேட்டான கணக்கு சார்” என்றார் உள்ளிருந்து அண்ணன்.

திரேசம்மாள் சிரிக்கவில்லை. “எங்களுக்கும் இது ஏசு பாடுபட்ட பெரிய வாரம் வர்ற நேரம். வீட்ல கவிச்சி கெடையாது. பாட்டு, சத்தம் எதுவும் கெடையாது. வியாழக்கிழமை பூசையோட மணியக் கட்டிட்டா, சனிக்கிழமை காலையில வரைக்கும் அதுவும் அடிக்க மாட்டோம். மரக்கட்டையத் தட்டித்தான் ஜனங்களக் கூப்பிடுவோம். பையன் தாராளமாப் படிக்கலாம். ஆனா நீங்க மட்டுந்தான் கேள்வி கேக்கணுமா? நானும் ஒண்ணு கேக்கறேன். ரெண்டு வாரம் கழிச்சு, உங்க ஃபைல்ல எங்க வீட்டப் பத்தி எழுதின அந்த வரி இருக்குமா?”

“அந்த வரிய அடிச்சு எடுக்க முடியாதும்மா. அது அலுவலகத் தாள். ஆனா அதுக்குக் கீழ இன்னொரு வரி எழுதலாம்.”

“எழுதுங்க. பையன அனுப்புங்க.”

இதில் இன்னொரு சங்கடம் இருந்தது. தள்ளப்பட்ட வீட்டில் மாணவனைத் தங்க வைக்க முதல்வரின் கையெழுத்து வேண்டும். முதல்வர் வெளியூரில், வர இரண்டு வாரம் ஆகும். விதியை மீறினால் விளக்கம் கேட்பார்கள். வேலையே போனாலும் போகலாம். விதிக்குக் காத்திருந்தால் அவர் வருவதற்குள் தேர்வு வந்துவிடும். நடந்ததையும், நான் செய்யப் போவதையும், தவறு என்னுடையது என்பதையும் ஒரு பக்கத்தில் எழுதி, நேரத்தைக் குறித்து, முதல்வர் மேசையில் வைத்துவிட்டேன். இப்படிச் செய்யலாம் என்று உங்களுக்கு நான் சொல்லவில்லை. செய்ய நேர்ந்தால் முதலில் எழுதி வைத்துவிட்டுச் செய்யுங்கள். பிறகு எழுதினால் அது வேறு மாதிரி இருக்கும்.

திங்கட்கிழமை காலை ஆறேகாலுக்கு ரிக்‌ஷாவில் சுந்தரத்தின் பெட்டியை ஏற்றினோம். கொடியேற்றத்துக்கு ஜனம் வந்துகொண்டிருந்தது. ரிக்‌ஷாக்காரருக்கு ஒன்றும் பிடிபடவில்லை.

“இன்னா சார் இது, ஊரு சனமே உள்ள வந்துகினு கீது, இந்தப் புள்ள பொட்டியத் தூக்கினு வெளிய போவுது?”

“பரீட்சை” என்றான் சுந்தரம்.

“பரீட்சைன்னா இன்னா நைனா? சாமியப் பாத்துட்டுப் போனா பாஸ் பண்ணிட மாட்டியா?”

“போன வருசம் பாத்துட்டுத்தான் போனேன்.”

ரிக்‌ஷாக்காரர் துண்டை உதறித் தலையில் கட்டினார். கூட்டத்தை எதிர்த்து வண்டியை இழுத்துக்கொண்டு சாந்தோம் பக்கம் போனார்.

தேர்வு தொடங்கிய பிறகு இரண்டு முறை போய்ப் பார்த்தேன். புதன்கிழமை போனபோது பையன் மேசையில் ஒரு தாள் ஒட்டியிருந்தான். காலை மணி, பகல் மணி, மாலை மணி என்று மூன்றாகப் பிரித்துப் பாடங்களை எழுதியிருந்தான். பெரிய வெள்ளியன்று போனபோது அறையில் குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டிருந்தான். தெருவில் ஒரு சத்தம் இல்லை. கடல் மட்டும் கேட்டது.

“எப்படியிருக்கு?”

“மணி நின்னுபோச்சு சார். எப்ப எந்திரிக்கிறதுன்னே தெரியல” என்றான்.

மறுநாள் காலை, அந்தக் கடைசித் தாளை எழுதினான்.

முதல்வர் ஊரிலிருந்து வந்ததும் என்னைக் கூப்பிட்டார். என் கடிதத்தோடு, மாட வீதி வீட்டின் படிவத்தையும் சாந்தோம் வீட்டின் படிவத்தையும் அருகருகே வைத்தேன். இரண்டையும் இரண்டு முறை படித்தார்.

“இரண்டு வீட்டையும் பார்த்தவர் ஒருவர்தானா?” என்றார்.

“ஆமாம்.”

வேறொன்றும் கேட்காமல் கையெழுத்துப் போட்டார். நான் வாங்கிய கண்டனங்களில் அந்த ஒரு கேள்விதான் மிகச் சிறியது. ஐந்து ஆண்டுகளாக மறக்காததும் அதுதான்.

அன்று மாலை சாந்தோம் தாளில் நான் வாக்களித்த வரியை எழுதினேன்: ‘மணி இடையூறு என்று முன்பு எழுதியது பார்த்தவரின் பழக்கக் குறைவு. தகுதியுள்ளது.’ பிறகு படிவத்தின் அடியில் பதினைந்தாவது கேள்வியை எழுதினேன்: ‘ஆண்டில் எந்த நாட்களில் இந்த வீடு இன்று இருப்பதுபோல் இருக்காது?’ எல்லா வீட்டிலும் கேளுங்கள். ஒன்றுமில்லையே என்றுதான் தொடங்குவார்கள். கொஞ்சம் காத்திருங்கள். மசூதிப் பக்கத்து வீட்டில் ரமலான் மாதத்து விடியற்காலைச் சமையலைச் சொல்வார்கள். படப்பிடிப்புக் கொட்டகைகள் வரத் தொடங்கியிருக்கும் கோடம்பாக்கத்தில், வெளியூர் நடிகருக்காக அறையைக் கேட்டு வாங்கும் வழக்கத்தைச் சொல்வார்கள். யாரும் மறைப்பதில்லை. தங்களுக்குப் பழகியதைச் சொல்லத் தோன்றுவதில்லை, அவ்வளவுதான்.

படிவத்தில் எழுதாத ஒன்றும் உண்டு. உங்கள் கேள்விகளை முடித்த பிறகு, அங்கே குடியிருக்கப் போகிற பையனை அறையில் பத்து நிமிஷம் தனியாக விடுங்கள். அவன் பரணைப் பார்க்கட்டும். அசட்டுத்தனமாகத் தோன்றும் ஒரு கேள்வியைக் கேட்பான். வீட்டுக்காரர் பதில் சொல்லி முடிக்கும் வரை நீங்கள் வாயைத் திறக்காதீர்கள்.

ஜூன் மாதம் முடிவு வந்தது. சுந்தரம் தேறிவிட்டான். கணிதத்தின் கடைசித் தாளிலும்தான். சென்னையிலேயே ஒரு ரயில்வே அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்தான். விழுப்புரத்துத் தராசு வேறொருவருக்குப் போயிற்று.

அடுத்த பங்குனியில் அறுபத்துமூவர் அன்று நான் வழக்கம்போல் விளக்குக் கம்பத்தடியில் நின்றேன். பிற்பகல் மூன்று ஐம்பது. இந்த முறை சுவாமி வருவதற்கு முன்பே எதிர்வீட்டு மாடியை அண்ணாந்து பார்த்தேன். கூட்டத்துக்கு நடுவில் சுந்தரம் நின்றுகொண்டிருந்தான். கும்பகோணத்துக் குழந்தை ஒன்று அவன் தோளில் உட்கார்ந்திருந்தது. மாமி கூப்பிட்டிருக்கிறார், அலுவலகத்தில் அரைநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு வந்திருக்கிறான். என்னைப் பார்த்துவிட்டு இரண்டு கையையும் ஆட்டினான்.

“சார்! மேல வாங்க! எடம் இருக்கு!”

பக்கத்திலிருந்த ஐயரும் வரும்படி கை காட்டினார். தலைகளை எண்ணிப் பார்த்தேன். நாற்பத்து மூன்று. கையை ஆட்டிவிட்டுக் கம்பத்தடியிலேயே நின்றேன்.

மறுநாள் அலுவலகம் திறந்ததும் படிவத்தில் பதினாறாவது கேள்வியை எழுதினேன்: ‘பால்கனி எத்தனை பேரைத் தாங்கும்?’